மோடத்த மாத்துறதுக்கு முன்னாடி மொட்டைமாடி ஒயரப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தா தண்ணி தேங்குறது, கரண்ட் போறது, கொசு, ரோடு பள்ளம்னு உங்க பேப்பருக்கு நிறைய கடிதம் வருது, எல்லாம் நியாயமான கடிதம்தான், ஆனா அதே மழைல வீட்டு கேபிள் இன்டர்நெட் விட்டு விட்டு வர்றதப்பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதனால நானே எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

நான் குரோம்பேட்டைல 12 வீடு இருக்குற ஒரு பழைய ஃபிளாட்ல ரெண்டாவது மாடில இருக்கேன். வீட்ல இருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பாக்குறேன், அதாவது அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்டப் படிச்சு நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடுற வேலை. கம்பெனி சர்வர்ல விபிஎன்னுங்கிற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாதான் போகணும், நெட் ஒரு நிமிஷம் கட்டானாலும் விபிஎன் வெளிய தள்ளிடும், மறுபடி பாஸ்வேர்டு, ஓடிபி, திறந்து வச்ச சார்ட் முதல்ல இருந்து. ஒரு நாளைக்கு இத்தன சார்ட்னு டார்கெட் இருக்கு, அது குறைஞ்சா இன்சென்டிவ் போச்சு. படம் பாக்குறவங்களுக்கு ஒரு நிமிஷம் சுத்துனா ஒண்ணும் ஆகாது, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது சம்பளம். சென்னைல எத்தன பொண்ணுங்க கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இந்த வேலை பாக்குறாங்கன்னு வெளிய தெரியாது.

போன ஐப்பசில மழை ஆரம்பிச்ச ரெண்டாவது நாள்ல இருந்து எனக்கு நெட் அறுபட ஆரம்பிச்சுது. மோடத்துல, அதாவது கேபிள் ஒயரு வந்து சேர்ற பெட்டில, ஆன்லைன்னு போட்ட லைட்டு இருக்கும்ல, அது நிலையா எரியணும், அது மினுக்கு மினுக்குன்னு மினுக்கும், நாலு அஞ்சு நிமிஷம் கழிச்சு தானா வரும், திரும்ப போகும். கஸ்டமர் கேருக்கு போன் போட்டா ஒரே பதில்தான், மோடத்த ஆஃப் பண்ணி 30 செகண்ட் விட்டு ஆன் பண்ணுங்க மேடம். பண்ணேன், வந்துச்சு, கம்ப்ளெயின்ட் முடிஞ்சதுன்னு எஸ்எம்எஸ்ஸும் வந்துச்சு, ராத்திரி மழை பிடிச்சதும் திரும்ப போச்சு. இதுல ஒரு விஷயத்த நான் பின்னாடிதான் புரிஞ்சுக்கிட்டேன், மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அது எல்லா சேனலையும் புதுசா தேடி, எவ்வளவு சத்தமா பேசணும்னு, அதாவது எவ்வளவு பலமா சிக்னல் அனுப்பணும்னு, புதுசா கணக்கு போட்டு கம்பெனி பக்கம் இருக்குற கருவியோட சேந்துக்கும், அதனால கொஞ்ச நேரம் நல்லா இருக்குற மாதிரி இருக்கும், ஆனா ஒயர்ல இருக்குற கோளாறு அங்கயேதான் இருக்கும். ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது, அப்ப மோடம்தான் பழுதுன்னு எல்லாரும் நெனச்சுக்குறோம், நானும் அப்படித்தான் நெனச்சேன்.

முதல்ல வந்த தம்பி மோடத்த மாத்துனாரு. ரெண்டாவதா வந்தவரு உங்க ரவுட்டர் பழசுக்கா, வைஃபை பிரச்சனை, புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டு போனாரு, 2,800 ரூபா குடுத்து வாங்குனேன். மூணாவதா வந்தவரு மோடத்த திரும்ப மாத்துனாரு. மூணு பேரும் ஹாலத் தாண்டி ஒரு அடி வெளிய போகல, ஒயரு எங்க இருந்து வருதுன்னு கூட ஜன்னல் வழியா எட்டிப் பாக்கல.

கோயம்புத்தூர்ல என் தம்பி நெட்வொர்க் வேலைல இருக்கான். அவன்தான் போன்ல, "அக்கா, முதல்ல வைஃபைய மற, ரவுட்டரையும் கழட்டி வை, லேப்டாப்ப ஒரு லேன் ஒயர்ல நேரா மோடத்துல சொருகு, அப்பவும் அறுந்துச்சுன்னா உன் வீட்டு வைஃபை மேல தப்பு இல்ல"ன்னு சொன்னான். சொருகுனேன், அப்பவும் அறுந்துச்சு. நான் செலவு பண்ண 2,800 ரூபாயும் வீண்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. அடுத்தது ரெண்டு கருப்பு விண்டோ திறந்து ஒண்ணுல 192.168.100.1-க்கும் இன்னொண்ணுல 8.8.8.8-க்கும் பிங், அதாவது கூப்பிட்டா பதில் வருதான்னு பாக்குற சோதனை, ஓட விடச் சொன்னான். முதலாவது நம்ம மேஜை மேல இருக்குற மோடமேதான், ரெண்டாவது வெளில இருக்குற கூகுள் சர்வர். நெட் அறுபடுற நேரத்துல மோடம் பதில் சொல்லிக்கிட்டே இருக்கு, வெளிய இருந்து மட்டும் பதில் வரலன்னா, கோளாறு மோடத்துக்கு அந்தப் பக்கம். எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆச்சு. இதுக்கு பத்து நிமிஷம் கூட ஆகல, வந்த மூணு பேர்ல ஒருத்தர் இதப் பண்ணிருந்தா எனக்கு ரெண்டு வாரம் மிச்சம்.

அப்புறம் அவன் சொன்னதுதான் நான் எல்லாருக்கும் சொல்லணும்னு நெனைக்கிறது. கேபிள் மோடத்துக்குள்ளயே ஒரு பக்கம் இருக்கு, பிரவுசர்ல அதே 192.168.100.1 அடிச்சா நிறைய மோடத்துல திறக்கும், சிக்னல் எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு அதுல நம்பரா இருக்கும். டாக்டர் கிட்ட போனா பிபி, சுகர் பாக்குற மாதிரி, இந்த நம்பரப் பாக்காம கேபிள் இன்டர்நெட்டுக்கு வைத்தியம் பாக்கவே கூடாது. மூணு நம்பர் பாத்தா போதும். வர்ற சிக்னலோட பலம், அது டிபிஎம்வின்னு ஒரு அளவுல இருக்கும், பூஜ்யத்துக்கு பக்கத்துல இருந்தா நல்லது, மேலயும் கீழயும் 7 வரைக்கும் கவலை இல்ல. ரெண்டாவது எஸ்என்ஆர், இரைச்சலுக்கு மேல சிக்னல் எவ்வளவு தெளிவா கேக்குதுன்னு சொல்றது, 33-க்கு மேல இருக்கணும். மூணாவது நம்ம மோடம் திருப்பி அனுப்புற பலம், நாப்பதுகள்ல இருந்தா சரி, 50-அ தாண்டிடுச்சுன்னா நம்ம மோடம் தொண்டை கிழிய கத்துது, அந்தப் பக்கம் கேக்கலன்னு அர்த்தம். இந்த மூணாவத யாரும் கண்டுக்கிறதே இல்ல, ஆனா லைட்டு மினுக்குறதுக்கு பாதி நேரம் அதுதான் காரணம்.

பால் கணக்கு எழுதுற நோட்டுல பின்பக்கத்துல இருந்து எழுத ஆரம்பிச்சேன். தேதி, மணி, மூணு நம்பர், வானம் எப்படி இருக்கு. வெயில் அடிச்ச ஒரு நாள் வர்றது மைனஸ் 3, எஸ்என்ஆர் 34, போறது 47. அடுத்த நாள் சாயங்காலம் நல்ல மழை, வர்றது மைனஸ் 13, எஸ்என்ஆர் 27, போறது 54. எட்டு நாள் எழுதுனதும் எனக்கே பளிச்சுன்னு தெரிஞ்சுது, மழை பெஞ்சா நம்பர் சரியுது, காஞ்சு ஒரு நாள் ஆனா ஏறுது, எங்கயோ ஒயருக்குள்ள தண்ணி போகுது. மோடத்தோட பதிவுப் பக்கத்துல டி3 டைம்அவுட்னு வரிசையா வேற இருந்துச்சு, அதாவது மோடம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, எதிர்ப்பக்கம் பதில் வரல.

அந்த நோட்ட போட்டோ எடுத்து எங்க ஏரியா கேபிள்காரருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். அவரு கிட்ட ரொம்ப வருஷமா லைன் இழுக்குற ஒரு வயசான அண்ணன் இருக்காரு, மறுநாள் காலைல அவரையே அனுப்பி வச்சாரு. அந்த அண்ணன் வீட்டுக்குள்ள வந்து உக்காரவே இல்ல, மொட்டைமாடி சாவி குடும்மான்னு கேட்டாரு. கைப்பிடிச்சுவர் ஓரமா ஒரு தகர டப்பா, மூடி எப்பவோ பறந்துருச்சு, அதுக்குள்ள நாலு வீட்டுக்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்டர். வெளி ஒயரோட கனெக்டர அவரு ஸ்பேனர்ல திருகி இழுத்தாரு, உள்ள இருந்து தண்ணி அவரு பெருவிரல் மேல சொட்டுச்சு, நிஜமாவே சொட்டுச்சு, நாலு அஞ்சு சொட்டு. நடுவுல ஊசி மாதிரி ஒரு கம்பி இருக்கும்ல, அது பச்சை பூத்துருந்துச்சு. ஒயர ஒரு சாண் நீளத்துக்கு கத்தில கீறிக் காட்டுனாரு, கறுப்புத் தோலுக்கு உள்ள இருக்குற வலைக்கம்பி வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பொடிஞ்சு உதிருது, நசுக்குனா ஈரம். ஒயரு தண்ணிய உறிஞ்சி உள்ளுக்குள்ளயே இழுத்துக்கும்மா, அதனால நனைஞ்ச துண்ட வெட்டித்தான் ஆகணும், காய வச்சாலும் பழையபடி வராதுன்னு சொன்னாரு. மூணு மீட்டர் வெட்டி எறிஞ்சிட்டு புது ஒயர் போட்டாரு, கனெக்டர வெறும் கட்டிங் பிளேயர்ல நசுக்காம அதுக்குன்னு இருக்குற டூல்ல அழுத்துனாரு, தண்ணி ஏறாத டேப் சுத்துனாரு, அப்புறம் ஒயர் டப்பாவுக்குள்ள நுழையுற எடத்துல நேரா விடாம கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு மேல ஏத்துனாரு. ஏண்ணா இப்படின்னு கேட்டேன், மழைத்தண்ணி ஒயரப் பிடிச்சுக்கிட்டே ஓடி வரும், இந்த வளைவுல வந்து கீழ சொட்டிடும், டப்பாக்குள்ள ஏறாதுன்னாரு. ஒரு சாண் ஒயரு கூடுதலா விடுற வேலை அவ்வளவுதான், எங்க கட்டடத்துல ஒரு வீட்டுக்கும் அப்படி விட்டிருக்கல.

அதோட விடல அவரு. எங்க வீட்டுக்குள்ள டிவிக்கும் மோடத்துக்கும் பிரிக்க இன்னொரு ஸ்ப்ளிட்டர் இருக்கு. இதுல ஒரு கணக்கு சொல்றேன். ரெண்டா பிரிச்சா ஒவ்வொரு பக்கமும் சுமாரா மூணரை டெசிபெல், அதாவது சிக்னல் பலத்துல பாதிக்கு மேல, போயிடும், நாலா பிரிச்சா ஏழு டெசிபெல். ரெண்டும் சேந்தா பத்தரை, பத்து டெசிபெல் போனாலே பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும், அப்ப மாடிக்கு வர்ற சிக்னல்ல பத்துல ஒரு பங்கு கூட மோடத்துக்கு வந்து சேரல. இதுக்கு அவரு செஞ்சது சின்ன வேலை, மாடி டப்பால முதல்ல ஒரு ரெண்டு வழி ஸ்ப்ளிட்டர் போட்டு, அதுல ஒரு வாய எங்க மோடத்துக்கு மட்டும் தனி ஒயரா விட்டு, இன்னொண்ண டிவிக்காக நாலு வீட்டுக்கும் பிரிச்சுட்டாரு. நாலு வீட்டு டிவியும் கெடாம வந்துச்சான்னு ஒவ்வொரு வீடா போய்ப் பாத்துட்டுதான் எறங்குனாரு.

கீழ வரும்போது மூணாவது மாடில காலி வீட்டு ஜன்னல்ல ஒரு கேபிள் ஒயரு வெட்டுன நிலைல தொங்குறதப் பாத்து அதயும் டப்பால இருந்து கழட்டிட்டாரு, திறந்திருந்த வாய்க்கு ஒரு மூடி, டெர்மினேட்டர்னு சொல்றாங்க, அத போட்டாரு. இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். கேபிள்ல நாம அனுப்புற பக்கம் கீழ்மட்ட அலைவரிசைல போகுது, மோட்டார் ஓடுனா, மிக்ஸி போட்டா வர்ற இரைச்சல் எல்லாம் அதே மட்டத்துலதான் இருக்கு. ஒரு வீட்ல ஒயரு வெட்டித் தொங்குனா, கனெக்டர் லூஸா இருந்தா, அந்த இரைச்சல் உள்ள பூந்து தெரு மொத்தத்தோட இரைச்சலோட ஒண்ணா கூடி மேல போகும். ஒரு வீட்டு கோளாறு இருபது வீட்ட அறுக்கும். அதனாலதான் உங்க வீட்ல எல்லாம் சரியா இருந்தும் சில நேரம் நெட் போகும், அப்ப மோடத்த எத்தன தடவை மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

அன்னைக்கு சாயங்காலம் மழை. நோட்டுல எழுதுனது அப்படியே தர்றேன், வர்றது மைனஸ் 1, எஸ்என்ஆர் 37, போறது 43. கார்த்திகை முடியுற வரைக்கும் ஒரு தடவை கூட விபிஎன் அறுபடல.

எல்லாருக்கும் தண்ணிதான் காரணம்னு நான் சொல்ல வரல. ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் மெதுவா போய் காலைல சரியா இருந்தா அது தெருவுல கூட்டம், ஒரே பைப்புல நிறைய வீடு, அதுக்கு கம்பெனிதான் பைப்ப பெருசு பண்ணணும். லேன் ஒயர்ல நல்லா வந்து வைஃபைல மட்டும் தடுமாறுனா ரவுட்டர நடு ஹாலுக்கு மாத்துங்க, சேனல் 1, 6, 11-ல எது காலியா இருக்கோ அதுல வைங்க. முன்னாடி நாங்க பல்லாவரத்துல இருந்தப்ப தினமும் ராத்திரி பத்து பத்தரைக்கு நெட் செத்துடும், காலைல ஆறுக்கு உயிர் வரும், பல மாசம் யாருக்கும் புரியல, கடைசில பாத்தா தெரு ஆம்ப்ளிஃபையருக்கு, அதாவது சிக்னல பெருசாக்கி அனுப்புற பெட்டிக்கு, ஒரு மளிகைக்கடைல இருந்து கரண்ட் எடுத்திருந்தாங்க, அவரு கடைய சாத்தும்போது மெயின ஆஃப் பண்ணிட்டு போவாரு. வீட்ல இன்வர்ட்டர் இருந்து என்ன, தெருவுல இருக்குற பெட்டி செத்தா அவ்வளவுதான். நேரத்த எழுதி வச்சா இது மாதிரி காரணம் எல்லாம் தானா வெளிய வரும்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேன், நீங்களா கம்பத்துல ஏறி ஒயரத் தொடாதீங்க, நிறைய தெருவுல ஈபி லைனும் கேபிளும் ஒரே கம்பத்துல போகுது, மழைல அது உயிர் போற விஷயம். வீட்டுக்குள்ள இருக்குற கனெக்டர விரலால இறுக்கிப் பாக்குறதோட நிறுத்திக்கோங்க.

வந்த மூணு தம்பிங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஒருத்தர் கிட்ட உங்க கிட்ட சிக்னல் மீட்டர் இருக்கான்னு கேட்டேன், ஆபீஸ்ல ஒண்ணே ஒண்ணுதான்க்கா இருக்கு, அது சூப்பர்வைசர் கிட்ட இருக்கும், எங்களுக்கு மோடம்தான் குடுத்து அனுப்புவாங்கன்னாரு. மீட்டர் இல்லாம லைன் ஆள அனுப்புறது ஸ்டெதஸ்கோப் இல்லாம டாக்டர அனுப்புறது மாதிரிதான, அந்தப் பையன் வேற என்ன பண்ணுவான், கைல இருக்குறத மாத்திட்டு போவான். கம்பெனிக்கும் நஷ்டம்தான் இது, எனக்கு மட்டும் ரெண்டு மோடம், மூணு ஆள் வருகை, கடைசில சரியானது மூணு மீட்டர் ஒயர்லயும் ஒரு டேப்புலயும்.

அதனால கேபிள் கம்பெனிங்க கிட்ட நான் கேக்குறது இதுதான். பழுதுன்னு போற ஒவ்வொரு ஆள் கைலயும் மீட்டர் குடுங்க. வேலை முடிச்சுட்டு போகும்போது மூணு நம்பரையும் வாடிக்கையாளர் கிட்ட எழுதிக் குடுத்துட்டு போகட்டும், எஸ்எம்எஸ்ல முடிஞ்சதுன்னு அனுப்புறதுக்கு பதிலா அந்த நம்பர அனுப்புங்க. சில மோடத்துல அந்த சிக்னல் பக்கத்தையே பூட்டி வச்சிருக்கீங்க, தயவுசெஞ்சு திறந்து விடுங்க, காசு கட்டுறவங்க பாத்துட்டு போகட்டும். வருஷா வருஷம் புரட்டாசில, மழைக்கு முன்னாடி, மாடி டப்பா எல்லாத்தையும் ஒரு தடவை திறந்து பாத்து டேப் சுத்துங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ஒட்டுமொத்தமா போனத யாரும் குறை சொல்லல, அது பேரிடர், ஆனா சாதா ஐப்பசி மழைக்கே மூடி இல்லாத டப்பாவால வேலை நிக்குறத எப்படி ஏத்துக்குறது.

வாசகர்களுக்கும் ஒண்ணு. போன்ல கம்ப்ளெயின்ட் சொன்னா டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு எண், கேட்டு வாங்காம போன வைக்காதீங்க, டெலிகாம் கம்பெனிகள ஒழுங்குபடுத்துற டிராய் 2012-ல போட்ட விதிப்படி அத குடுத்தே ஆகணும். திருப்தி இல்லன்னா அதே கம்பெனில மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், அவருக்கு எழுதலாம், அதுக்கு கட்டணம் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. டெலிகாம் சேவை குறைபாட்டுக்கு நுகர்வோர் கமிஷனுக்கே நேரா போகலாம்னு சுப்ரீம் கோர்ட்டு 2022-ல சொல்லிடுச்சு. டிராயோட 2024 விதில வீட்டு லைன் பழுது 3 நாளுக்கு மேல இழுத்தா லைன் வாடகைல கழிக்கணும் இல்ல வேலிடிட்டி நீட்டிக் குடுக்கணும்னு இருக்கு. இதெல்லாம் கேட்டாதான் கிடைக்குது, கேக்குறதுக்கு தேதியும் மணியும் நம்பரும் எழுதுன ஒரு நோட்டு கைல இருந்தா பேச்சே வேற மாதிரி போகுது, நான் பாத்துட்டேன்.

எனக்கு மொத்தம் 17 நாள் பழுது. டாக்கெட் நம்பர் அஞ்சு, நோட்டுப் பக்கம் நாலு, எல்லாத்தையும் சேத்து மேல்முறையீட்டுக்கு அனுப்பிருக்கேன், கிடைச்சதுன்னு பதில் வந்திருக்கு, வாடகைக் கழிவு இன்னும் வரல. வந்ததும் உங்களுக்கு எழுதுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை - 44.